இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது?

கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், லைட் ஒருமுறை சிமிட்டுவதோடு சரி. கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிவிடும். என் வீட்டில் மூன்று மாதம் இப்படித்தான் நடந்தது. கொஞ்சம் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது: பிரௌசரில் ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டர் தப்பித்துவிடும், வீடியோ ரெண்டர், அதாவது எடிட் செய்த வீடியோவை முழுப் படமாக்கும் கனமான வேலை, ஓடிக்கொண்டிருந்தால் தப்பாது. இன்வெர்ட்டர் இரண்டு நேரத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது, அப்படியென்றால் கோளாறு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அதிலும் கேபினெட்டின் மூலையில் யாரும் கண்டுகொள்ளாத, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கணக்கு புரிந்துவிடும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி, நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுவது. எஸ்எம்பிஎஸ் முதலில் அதை ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றி, சுமார் 380 வோல்ட்டுக்கு ஏற்றி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கி வைக்கிறது. பிறகு அந்த டிசியை டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு ஒரு லட்சம் முறை என்ற கணக்கில் வெட்டி வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகின்றன, மறுபக்கம் 12 வோல்ட் வெளியே வருகிறது. இத்தனை வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருந்தால் போதும். பழைய டேப் ரிக்கார்டருக்குப் போட்ட பேட்டரி எலிமினேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில வாட்டுக்கே அது என்ன கனம் கனக்கும் என்று. 50 ஹெர்ட்ஸிலேயே வேலை செய்ய வேண்டியிருந்ததால் அந்த இரும்பெல்லாம் தேவைப்பட்டது.

இப்போது அந்தப் பெரிய கெப்பாசிட்டருக்கு வருவோம். 330 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 380 வோல்ட்டில் அதற்குள் சுமார் 24 ஜூல் ஆற்றல் இருக்கும். அது முழுவதையும் உறிஞ்சிவிட முடியாது, வோல்டேஜ் 300 அளவுக்கு இறங்கினாலே எஸ்எம்பிஎஸ் கையை விரித்துவிடும் என்று கொண்டால் பயன்படுவது 9 ஜூல்தான். வீடியோ ரெண்டர் ஓடும் கம்ப்யூட்டர் 300 வாட் கேட்டால், வழியில் வெப்பமாகப் போவதையும் சேர்த்து 330 வாட் உள்ளே இழுக்கும், ஆக அந்த 9 ஜூல் தாங்குவது 27 மில்லிசெகண்ட். அதே கம்ப்யூட்டர் சும்மா இருந்து 70 வாட் மட்டும் கேட்டால் நூறு மில்லிசெகண்டுக்கு மேலேயே தாங்கும். சீக்கிரம் மாறிக்கொள்ளும் யுபிஎஸ் மோடில் இருக்கும் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள 10, 15 மில்லிசெகண்ட் எடுக்கும், அதனால் புது எஸ்எம்பிஎஸ்ஸில் பிரச்சினையே வராது.

ஆனால் கெப்பாசிட்டருக்கு வயதாகும். உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லக் காய்கிறது, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது, மே மாத வெயிலில் மாடி அறையில் தூசி அடைத்துக்கொண்டு ஓடும் பெட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொள்ளளவு பாதியாகிவிட்டால் அந்த 27 மில்லிசெகண்ட் 13 ஆகிவிடும். இன்வெர்ட்டர் 15-இல் வந்து சேரும்போது கம்ப்யூட்டர் ஏற்கெனவே அணைந்திருக்கும். என் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒன்பது வயது. மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போது பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட வாட்டைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது கிட்டத்தட்ட எல்லாமே அந்த 12 வோல்ட் வழியாகத்தான். 450 வாட் என்று எழுதிவிட்டு 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உண்மையில் 216 வாட். என்னுடைய புதியது 550 வாட், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட், இது நேர்மையான எண். 80 ப்ளஸ் முத்திரை இருந்தால் நல்லது, உள்ளே இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதமாவது பயனாக வெளியே வருகிறது என்பதற்கு அது சான்று, வெப்பமும் அந்த அளவுக்குக் குறையும், கெப்பாசிட்டரும் கூடுதல் நாள் உழைக்கும்.

சரி, மாட்டும் வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டரின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், மேலே சொன்ன 380 வோல்ட் அந்தக் கெப்பாசிட்டரில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கலாம், அது உயிரோடு விளையாடுவது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றியதும் போனில் நாலைந்து போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் ஒவ்வொரு ஒயராகக் கழற்றுங்கள். மதர்போர்டின் ஓரத்தில் இருக்கும் 24 பின் கனெக்டர் பல வருடமாக உட்கார்ந்த இடத்தை விட்டு லேசில் வராது, கிளிப்பை நன்றாக அமுக்கிக்கொண்டு, மற்ற கையால் போர்டு வளையாமல் தாங்கிக்கொண்டு, இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்து எடுக்க வேண்டும். பின்பக்கம் நான்கு ஸ்க்ரூதான். எஸ்எம்பிஎஸ் மேலே இருக்கும் பழைய மாடல் கேபினெட் என்றால் கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது கீழே ஒரு கை இருக்கட்டும், விழுந்தால் நேராகப் பிராசஸர் ஃபேன் மேல்தான் விழும்.

இங்கேதான் நான் எல்லோரிடமும் மன்றாடிச் சொல்லும் ஒரு விஷயம் வருகிறது. இப்போது பல எஸ்எம்பிஎஸ்களில் ஒயர்கள் தனியாகக் கழன்று வரும், மாடுலர் என்பார்கள். புதியதும் அதே மாதிரிதானே, ஹார்ட் டிஸ்குக்குப் போகும் ஒயரை அப்படியே விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ் முனையை மட்டும் மாற்றிக் குத்தினால் பாதி வேலை மிச்சம் என்று தோன்றும். செய்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு பக்கம் இருக்கும் முனைகளுக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பதைத் தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள், ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறும். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும், பிள்ளைகளின் போட்டோ எல்லாம் இருக்கும் டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும். பழைய ஒயர் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது.

புதியதை உள்ளே வைக்கும்போது நான்கு துளைகளையும் பாருங்கள், அவை சரியான செவ்வகமாக இருக்காது, ஒன்று தள்ளி இருக்கும், அதனால் கேபினெட் எந்தப் பக்கம் அனுமதிக்கிறதோ அந்தப் பக்கம்தான் நான்கு ஸ்க்ரூவும் உட்காரும். எஸ்எம்பிஎஸ் கீழே இருக்கும் கேபினெட்டில் அடியில் வலை போட்ட திறப்பு இருந்தால் ஃபேன் கீழே பார்க்கட்டும், வெளிக்காற்று நேராகக் கிடைக்கும். ஒயர்களில் பிராசஸருக்குப் போகும் 8 பின் ஒயரை முதலில் இழுத்துவிடுங்கள், போர்டின் மேல் மூலைக்குப் பின்பக்கமாக அது நீண்ட தூரம் போக வேண்டும், மற்றதெல்லாம் மாட்டிய பிறகு அங்கே விரல் போகாது. கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு 8 பின் ஒயர் இருக்கும், பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. பிராசஸருடையது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். தவறாகப் போகக் கூடாது என்பதற்காகவே சில பின்களைச் சதுரமாகவும் சிலவற்றை முனை மழுங்கலாகவும் செய்திருக்கிறார்கள், அதனால் போகவில்லை என்றால் பலம் கொடுக்காமல் இன்னொரு முறை பாருங்கள். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கேபினெட் எல்லாவற்றுக்கும் பொது விதியான ஏடிஎக்ஸ் முறையை 1995-இல் இன்டெல் கொண்டுவருவதற்கு முன் மதர்போர்டுக்கு இரண்டு தனித்தனி கனெக்டர்கள் இருந்தன, கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றாக வர வேண்டும் என்பதை மெக்கானிக் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், மாற்றிக் குத்தினால் போர்டு அவ்வளவுதான்.

எர்த் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள், உடனே எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று புதிது வாங்குவார்கள், புதியதிலும் அதே சுர்ர். காரணம் இதுதான்: எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு குட்டி கெப்பாசிட்டர்கள் பெட்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கின்றன, வேகமாக வெட்டுவதால் வரும் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. சுவரில் எர்த் இல்லையென்றால் அந்த உலோகம் இரண்டுக்கும் நடுவில் தொங்கி 115 வோல்ட் அளவில் நிற்கும். ஓடும் மின்சாரம் மிகக் குறைவுதான், ஆனாலும் உள்ளே வேறு கோளாறு வந்தால் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்பதற்கான அறிகுறி அது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது துளையில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி, பின்பக்க ஸ்விட்சைப் போட்டதும் ஒன்றும் நடக்காது, பயப்பட வேண்டாம். ஊதா ஒயரில் மட்டும் 5 வோல்ட் வந்து மதர்போர்டு பாதி விழிப்பில் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் மதர்போர்டு பச்சை ஒயரை கிரவுண்டோடு இணைக்கிறது, எஸ்எம்பிஎஸ் எழுகிறது, எல்லா வோல்டேஜும் நிலைபெற்றதும் சாம்பல் ஒயரில் ‘நான் தயார்’ என்று ஒரு சிக்னல் கொடுக்கிறது. அது வரும் வரை, அதாவது அரை நொடிக்குள், மதர்போர்டு பிராசஸரை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

விண்டோஸ் வந்ததும் முதல் வேலையாக ஒரு வீடியோவை ரெண்டருக்குப் போட்டுவிட்டு, வாசலுக்குப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். இன்வெர்ட்டருக்குள் ரிலே டக்கென்று விழுந்தது. திரும்பி வந்து பார்த்தால் ரெண்டர் 14 சதவீதத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.