ஓட்டைக் குடமும் தெருவுக்கு ஒரு தராசும்

தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து தரும் கடை ஒன்றை நடத்தும் வாசகி கேட்டிருக்கிறார்: “பட்டா மாறுதலுக்கு ஒரு மனு. இரண்டு பக்கம் அடித்துவிட்டேன். கடைசி வரியில் கரன்ட் போய்விட்டது. வந்த பிறகு பார்த்தால் மனுவைக் காணோம். ஆனால் போன வருஷம் சேமித்த கோப்புகள்கூட அப்படியே இருக்கின்றன. எல்லாம் ஒரே பெட்டிக்குள்தானே இருக்கிறது? ஒன்று மட்டும் ஏன் மறந்துபோகிறது?”

சேமித்த கோப்பு எஸ்எஸ்டி என்ற நிரந்தரச் சேமிப்பகத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு துணுக்குத் தகவலுக்கும், உரிய எலக்ட்ரான்களைச் சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் அடைத்து வைத்திருக்கிறார்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் அவை வருடக்கணக்கில் வெளியே வராது. சேமிக்காத மனு ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருந்தது. அங்கேயும் எலக்ட்ரான்கள்தான், ஆனால் இருப்பது ஓட்டைக் குடத்தில். நொடிக்குப் பல முறை நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் குடம் நிறைந்திருக்கும். கரன்ட் போனால் நிரப்ப ஆளில்லை.

கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ஓட்டை என்று தெரிந்தே அந்தக் குடத்தை ஏன் நினைவகமாக வைத்தார்கள் என்று அடுத்து கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த காப்புரிமை ஒன்றில் போய் நிற்போம். அமெரிக்கக் காப்புரிமை எண் 3,387,286.

அதை வாங்கியவர் ராபர்ட் டென்னார்ட், நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த மின்பொறியாளர். 1966இல் கணினிகளின் நினைவகம் பெரும்பாலும் கம்பியில் கோத்த சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. அதற்குப் பதிலாக சிலிக்கன் சிப்பில் நினைவகம் செய்ய டென்னார்டின் குழு முயன்றுகொண்டிருந்தது. அவர்களுடைய சுற்றில் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள், அதாவது சின்னஞ்சிறு மின் ஸ்விட்சுகள், வேண்டியிருந்தன. ஒருநாள், மெல்லிய காந்தப் படலத்தில் நினைவகம் செய்யும் இன்னொரு குழு தன் வேலையை விளக்கியது. அந்த அமைப்பின் எளிமை டென்னார்டை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலை வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் யோசனை வந்தது. மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் மின்தேக்கி ஒன்றில் பிட்டை மின்னூட்டமாக வைத்தால் என்ன? நிறைந்த குடம் 1, காலிக் குடம் 0. மேலும் சில மாதங்கள் மெனக்கெட்டு, ஒரு மின்தேக்கி, அதற்குக் கதவாக ஒரே ஒரு டிரான்சிஸ்டர் என்ற அளவுக்கு அதைச் சுருக்கினார். 1967 ஜூலையில் விண்ணப்பித்து, 1968 ஜூன் 4 அன்று காப்புரிமை கிடைத்தது. உலகத்தில் இன்று ஓடும் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இருக்கும் முதன்மை நினைவகம் அந்தக் குடமும் கதவும்தான்.

அவர் எதைக் கழற்றி எறிந்தார் என்று பார்த்தால்தான் இதன் துணிச்சல் புரியும். ஆறு டிரான்சிஸ்டர் சுற்றில் நான்கு சேர்ந்து ஒரு தராசு போல நடந்துகொள்ளும். ஆனால் மளிகைக் கடைத் தராசு இல்லை. ஒரு பக்கம் துளி சாய்ந்தாலும் அந்தச் சாய்வே மேலும் சாய்க்கும். முழுக்கச் சாய்ந்து தட்டு தரையில் முட்டும்வரை நிற்காது. எதிர் எதிராகப் பிணைத்த இரண்டு சுற்றுகள், ‘நீ இறங்கினால் நான் ஏறுவேன், நான் ஏறினால் நீ இன்னும் இறங்கு’ என்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். இதே பிணைப்புக்கு, வெற்றிடக் குழாய் காலத்திலேயே, வில்லியம் எக்லஸும் ஜோர்டனும் 1918இல் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இடப்பக்கம் சாய்ந்தால் 1, வலப்பக்கம் சாய்ந்தால் 0. மின்சாரம் இருக்கும்வரை தானாக நேராகாது. நம்பகமானதுதான். ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் சொந்தமாக ஒரு தராசு வேண்டும். இடம் கொள்ளாது.

டென்னார்டின் குடத்தில் தராசு இல்லை. அதனால் சிக்கல்கள் வரிசையாக வந்தன. குடம் கசியும். அதில் இருக்கும் மின்னூட்டமோ மிகச் சிறிது. இன்றைய சிப்களில் நிறைந்த குடம் என்றாலே சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள்தான். மூன்றாவது சிக்கல் இவற்றைவிட மோசம்: குடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்தால், இருப்பது வெளியே இருக்கும் நீண்ட கம்பியில் கொட்டிவிடும். அந்தக் கம்பியின் கொள்ளளவு குடத்தைப் போலப் பல மடங்கு. ஒரு டம்ளர் தண்ணீரை அண்டாவில் கொட்டிவிட்டு, அண்டாவின் மட்டம் ஏறியதா என்று பார்க்கும் நிலைமை. கொட்டிய தண்ணீரைத் திரும்ப டம்ளருக்குள் பிரித்தெடுக்கவும் முடியாது. படித்தாலே அழிந்துபோகும் நினைவகம்!

1970 அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற புகழ்பெற்ற நினைவகச் சிப்கூட ஒரு பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர்களைத்தான் வைத்திருந்தது. ஒற்றை டிரான்சிஸ்டர் குடம் கடைக்கு வர 1973 ஆகிவிட்டது. அதற்குள் வேறு ஒன்று கச்சிதமாக அமைய வேண்டியிருந்தது. ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தின் கார்ல் ஸ்டைனும் கூட்டாளிகளும் 1972இல் விவரித்த, குடத்தில் இருப்பதைக் கண்டறியும் உணர் சுற்று அந்த வரிசையில் முக்கியமானது. இந்தச் சுற்றைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

சரி, நிதானமாகப் பார்ப்போம். உங்கள் கணினியில் 1.2 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்4 ரேம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடத்தில் 1.2 வோல்ட் இருந்தால் 1, சுழி வோல்ட் இருந்தால் 0. குடங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பத்தியில் இருக்கும் நூற்றுக்கணக்கான குடங்களுக்கும் பொதுவாக ஒரு கம்பி ஓடுகிறது. அதற்கு ஜோடியாக, அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு கம்பி. இரண்டின் நடுவில் நாம் மேலே பார்த்த அதே சாயும் தராசு, ஆனால் அணைத்து வைக்கப்பட்ட நிலையில்.

முதலில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து, சரிபாதி மின்னழுத்தத்தில், அதாவது 0.6 வோல்ட்டில், நிறுத்துகிறார்கள். பிறகு இணைப்பைத் துண்டித்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். இப்போது தராசின் முள் நட்டநடுவில் நிற்கிறது. அடுத்து ஒரு குடத்தின் கதவு திறக்கிறது. அதில் 1 இருந்தால் கொஞ்சம் மின்னூட்டம் முதல் கம்பிக்குப் பாய்ந்து, 0.6 என்பது 0.7 வாக்கில் ஏறும். 0 இருந்தால் கம்பியிலிருந்து கொஞ்சம் குடத்துக்குள் வடிந்து 0.5 வாக்கில் இறங்கும். ஜோடிக் கம்பி அதே 0.6இல் நிற்கும். வித்தியாசம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் குறைவு. இந்த நொடியில் தராசுக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள்.

அவ்வளவுதான். உயர்ந்த கம்பி, தாழ்ந்த கம்பியைக் கீழே இழுக்கிறது. அது தாழத் தாழ, இது இன்னும் மேலே ஏறுகிறது. சில நானோ விநாடிகளில் ஒன்று முழு 1.2 வோல்ட்டிலும் மற்றது சுழியிலும் போய் முட்டி நிற்கின்றன. கிசுகிசுப்பாக இருந்தது முழக்கமாகிவிட்டது. இரட்டைக் கம்பி எதற்கு என்பதும் இங்கே புரியும்: வெளியிலிருந்து ஏதாவது மின் இரைச்சல் வந்தால் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவு ஆட்டும். காற்றடித்தால் தராசின் இரண்டு தட்டுகளும் சேர்ந்தாடுவது போல. வித்தியாசம் மாறாது.

இப்போது கவனியுங்கள். குடத்தின் கதவை இன்னும் மூடவில்லை! கம்பி முழு 1.2 வோல்ட்டுக்கு ஏறியபோது, திறந்திருந்த கதவு வழியாக அதே 1.2 வோல்ட் குடத்துக்குள்ளும் பாய்ந்துவிட்டது. கம்பி சுழிக்கு இறங்கியிருந்தால் குடமும் சுத்தமாக வடிந்துவிட்டது. படித்ததால் அழிந்தது, படித்த செயலாலேயே மறுபடி எழுதப்பட்டுவிட்டது. அதுவும் பழைய நிலைக்கு அல்ல, புத்தம்புது நிலைக்கு. கசிந்து 0.9 வோல்ட்டுக்கு இறங்கியிருந்த சோர்ந்துபோன 1, முழு 1.2 வோல்ட்டாகத் திரும்பிப் போகிறது. நான் இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் அந்தப் படத்தைத் தாளில் மூன்று முறை வரைந்து பார்த்தேன். மூன்று சிக்கலையும் ஒரே தராசு தீர்த்துவிடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் இருந்த தராசைப் பிடுங்கிவிட்டு, தெருவுக்கு ஒரு தராசு வைத்திருக்கிறார்கள். வீடுகளில் குடம் மட்டும் போதும்.

புதுப்பித்தல் என்று தனியாக ஒரு வேலையே இல்லை. ஒரு வரிசையைப் படித்துவிட்டு, படித்ததை யாரிடமும் சொல்லாமல் விட்டால் அதுதான் புதுப்பித்தல். நம் ஏட்டுச் சுவடிகள் பிழைத்ததும் இப்படித்தான். ஓலை செல்லரித்து எழுத்து மங்கும். முழுக்க மங்குவதற்குள் ஒருவர் படித்து, புது ஓலையில் பிரதி எடுத்துவிட்டால் நூல் இன்னொரு தலைமுறைக்கு வரும். தாமதித்தால் பாட பேதம், இன்னும் தாமதித்தால் நூலே இல்லை. டிடிஆர்4 ரேமில் இந்தப் பிரதி எடுக்கும் தவணை 64 மில்லி விநாடி. அதற்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று முடிக்க, ஏறக்குறைய 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை கட்டளை வருகிறது. 8 ஜிபி ரேமில் சுமார் 6,871 கோடி குடங்கள். அத்தனையும் ஒவ்வொரு நொடியும் 15 முறைக்கு மேல் படித்துத் திருத்தி எழுதப்படுகின்றன. நீங்கள் டீ குடிக்கப் போயிருக்கும்போதும்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடி, ‘ரேம் காலியானால் பேட்டரி மிச்சம்’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பொதுவாக, குடத்தில் உங்கள் படம் இருந்தாலும் குப்பை இருந்தாலும் புதுப்பித்தல் ஒரே மாதிரிதான் நடக்கும். மூடிய செயலியை மறுபடி திறக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் கூடுதல் மின்சாரம். ராகு காலம் பார்ப்பதை விட்டவர்கள்கூட இதை விடமாட்டேன் என்கிறார்கள்.

குடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும் யோசனை டென்னார்டுக்கு முன்பே ஒருவருக்கு வந்திருந்தது. அயோவா மாநிலக் கல்லூரியில் ஜான் அடனாசாஃப், கல்லூரி கொடுத்த 650 டாலரில் 1939இல் கிளிஃபோர்ட் பெரி என்ற மாணவருடன் ஒரு கணினி செய்யத் தொடங்கினார். 1,600 மின்தேக்கிகள் பதித்த உருளைகள் நொடிக்கு ஒரு சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மின்னூட்டம் படிக்கப்பட்டு மறுபடி ஏற்றப்படும். போர் வந்தது, அவர் வேறு வேலைக்குப் போனார், காப்புரிமை விண்ணப்பம் தாக்கலாகவே இல்லை. பல ஆண்டு கழித்து எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினியின் காப்புரிமை மீது வழக்கு நடந்தபோதுதான் அவர் பெயர் மேலே வந்தது. 1973 அக்டோபரில் நீதிபதி ஏர்ல் லார்சன், அடனாசாஃபின் வேலையைச் சுட்டிக்காட்டி, எனியாக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒற்றை டிரான்சிஸ்டர் ரேம் கடைக்கு வந்த அதே வருடம்.

இதை வைத்து என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் இப்போது காப்புரிமையை எண்ணிக்கையாகப் பார்க்கிறார்கள். இந்த ஆண்டு எத்தனை விண்ணப்பம் என்பதுதான் கேள்வி. எனக்கு இது வருத்தம் தருகிறது. அடனாசாஃபுக்குக் கிடைத்த மாதிரி ஒரு சின்னத் தொகையும், டென்னார்டுக்குக் கிடைத்த மாதிரி பக்கத்துக் குழு பேசுவதைக் கேட்க ஒரு நாளும், கேட்டதை மாதக்கணக்கில் அசைபோட அவகாசமும் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்டால், யாரும் ஓட்டைக் குடத்தில் கை வைக்கமாட்டார்கள்.

குடங்கள் சிறுக்கச் சிறுக்கப் புதுத் தொல்லைகளும் வந்தன. 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 129 ரேம் பலகைகளைச் சோதித்தார்கள். ஒரே வரிசையை விடாமல் திறந்து மூடினால் பக்கத்து வரிசைக் குடங்கள் தவணைக்கு முன்பே கசிந்து பிட்டுகள் புரண்டுவிடுவதை 110 பலகைகளில் கண்டார்கள். டென்னார்ட் முனைவர் பட்டம் வாங்கியதும் அதே நிறுவனத்தில்தான், அது கார்னகி தொழில்நுட்பக் கழகமாக இருந்த காலத்தில்.

அந்த 64 மில்லி விநாடி என்பது இருப்பதிலேயே மோசமான ஓட்டைக் குடத்துக்காக வைத்த தவணை. பெரும்பாலான குடங்கள் அதைவிட நெடுநேரம் தாங்கும். 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ரேம் சிப்பை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்து, கணினியிலிருந்தே கழற்றிவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்துப் படித்தபோது நூற்றில் ஒரு பிட்கூட அழிந்திருக்கவில்லை. குளிரில் கசிவு அவ்வளவு மெதுவாகிவிடுகிறது. அறை வெப்பத்திலும் சில ரேம்களில் பிட்டுகள் சில நொடிகள் தங்கின.

ஆகவே அம்மா, கரன்ட் போன அந்தக் கணத்திலேயே உங்கள் மனு அழிந்திருக்காது. கடை இருட்டான பிறகும் கொஞ்ச நேரம், பட்டா எண்ணும் சர்வே எண்ணும் பெரும்பாலும் அந்தக் குடங்களில் அப்படியே இருந்திருக்கும். தராசுக்குத்தான் மின்சாரம் இல்லை.