ஷாங்ரி-லா: பெயரில் சொர்க்கம், உயரத்தில் எச்சரிக்கை

மண்ணுலகச் சொர்க்கத்தைக் குறிக்கும் ‘ஷாங்ரி-லா’ ஏதோ பழம்புராணப் பெயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஹில்டன், 1933-இல் வெளிவந்த ‘லாஸ்ட் ஹொரைசன்’ நாவலில், மூப்பு எளிதில் அண்டாமல் மனிதர்கள் நூறாண்டைக் கடந்து வாழும் ஒரு மலைமடாலயத்துக்குப் புனைந்திட்ட பெயர். திபெத்திய மொழியில் ‘லா’ என்றால் கணவாய்; நாதுலா, சோஜிலா ஆகிய பெயர்களில் இருப்பதும் அதுவே. முற்பகுதிக்கு, காலசக்கர தந்திரம் என்னும் பௌத்த நூல் கூறும் ‘ஷம்பாலா’ என்னும் மறைநாடு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து.

பெயர் கதையோடு நின்றிருந்தால் மருத்துவருக்கு இதில் வேலை இல்லை. ஆனால் சீனாவின் யுன்னான் மாநிலத்துச் சோங்தியன் மாவட்டத்துக்கு, சுற்றுலாவை மனத்தில் கொண்டு, 2001-இல் இப்பெயரையே சூட்டிவிட்டார்கள். அவ்வூர் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். பயண ஆலோசனைக்கு வருவோரில் லடாக் செல்பவர்கள் உயரத்தைப் பற்றித் தாங்களாகவே கேட்கின்றனர். ஷாங்ரி-லா செல்பவர்களோ வயிற்றுப்போக்கு மாத்திரையோடு நிறைவடைந்துவிடுகின்றனர். நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஊரில் மூச்சு முட்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

யுன்னானின் தலைநகர் குன்மிங்கிலிருந்து நேரே விமானத்தில் போய் இறங்குபவருக்கு அன்றிரவே தலைவலி, குமட்டல், உறக்கமின்மை வரலாம்; பழி பெரும்பாலும் உணவின் மீதே விழுகிறது. சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள லிஜியாங்கில் இரண்டு இரவு தங்கிச் செல்வதே நல்லது. உயரத்துக்கு உடல் பழக அசெட்டசோலமைட் மாத்திரை உதவும். ஆயினும் சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. கடைகளில் விற்கும் ஆக்சிஜன் குப்பிகள் சில நிமிட ஆறுதலுக்கு மேல் எதுவும் தருவதில்லை.

உடன் வந்தவர் தடுமாறுவதாகத் தோன்றினால், ஒரு காலின் குதியை மறு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். அப்படி நடக்க முடியாவிட்டாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கக்கூடும். விடியும் வரை காத்திராமல், ஆக்சிஜன் கொடுத்து, அப்போதே தாழ்வான இடத்துக்கு இறக்கிவிட வேண்டும்.