மூன்று மாதத்துக்குப் போன படை

1964 மார்ச்சில் சைப்ரஸுக்கு அமைதிப்படை அனுப்ப ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானித்தபோது அதற்குக் கொடுத்த காலம் மூன்று மாதம். அந்தப் படை இன்னும் அங்கேதான் நிற்கிறது. இஸ்ரேலுக்கும் சிரியாவுக்கும் நடுவே கோலான் குன்றுகளில் நிற்கும் ஐ.நா. படை 1974இல் அங்கே போனது.

வெளிநாடுகளுக்குப் படை அனுப்பும் கோப்புகளில் வேலை செய்தவன் நான். "அங்கே நம்ம ஆட்களுக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "உலக அமைதிக்காக" என்று எழுதிக் கொடுப்போம். பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, படை அனுப்பும் நாட்டின் சொந்த நலன். அதை மக்களிடம் சொல்ல அரசுகள் ஏனோ கூச்சப்படுகின்றன.

சைப்ரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடா 1964 முதல் 1993 வரை அங்கே பெரிய படைப்பிரிவை வைத்திருந்தது. தீவில் மோதிக்கொண்டவர்கள் கிரேக்க சைப்ரியட்டுகளும் துருக்கிய சைப்ரியட்டுகளும்; அவர்களுக்குப் பின்னால் நின்ற கிரீஸும் துருக்கியும் கனடாவைப் போலவே நேட்டோ ராணுவக் கூட்டணியின் உறுப்பினர்கள். இரண்டும் மோதிக்கொண்டால் கனடா நம்பியிருந்த கூட்டணியே உடையும். பிரிட்டனுக்குத் தீவில் சொந்த ராணுவத் தளங்கள் உண்டு. படையின் செலவில் மூன்றில் ஒரு பங்கை சைப்ரஸ் அரசே தருகிறது, கிரீஸ் ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் தருகிறது. யாருக்கு எவ்வளவு அக்கறை என்பதை உரைகளைவிட இந்த வரவு செலவுக் கணக்கு நன்றாகச் சொல்லும்.

ஏழை நாடுகள் காசுக்காகத்தான் போகின்றன என்றொரு பேச்சு உண்டு. ஒரு சிப்பாய்க்கு மாதம் சுமார் 1,400 டாலர் என்ற கணக்கில் ஐ.நா. அந்தந்த அரசுக்குத் தருகிறது. சிறிய பட்ஜெட் உள்ள நாட்டுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் உறுப்பு நாடுகள் சந்தாவை இழுத்தடிப்பதால் அதுவும் தாமதமாகவே வரும். காசு மட்டுமே காரணமென்றால் இந்தியா ஏன் இத்தனை ஆண்டுகள் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்? பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கேட்கும்போதெல்லாம் அது முன்வைக்கும் வாதங்களில் இப்படிப் படை அனுப்பிவருவதும் ஒன்று. சீனா தென் சூடானுக்குக் காலாட்படை அனுப்பியது; அங்கே எண்ணெய் வயல்களில் சீன அரசு நிறுவனத்துக்குப் பங்கு இருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நலன் இன்னதென்று முன்பே பேசி வைக்காவிட்டால், முதல் குண்டு விழும்போதுதான் விவாதம் தொடங்கும். கோலானில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு நின்ற ஆஸ்திரியா, சிரியப் போர் நெருங்கியதும் 2013இல் சட்டென்று வெளியேறியது. அந்த ஆண்டே ஃபிஜி வீரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் 45 பேரை ஆயுதக் குழு பிடித்துவைத்து, பிறகு விடுவித்தது. ஆனாலும் ஃபிஜி அங்கிருந்து கிளம்பவில்லை. 1978 முதலே லெபனானுக்கு ஆள் அனுப்பிவந்த நாடு அது. அதன் ராணுவத்துக்கு அமைதிப்பணி ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

அமைதிப்படையே வேண்டாம் என்பவர்களின் வாதத்திலும் சாரம் உண்டு. அமைதிப்படை நடுவில் நின்றால், தீர்வு காணும் அவசரம் தலைவர்களுக்குப் போய்விடுகிறது. சைப்ரஸில் அதுதான் நடந்தது என்பது என் கருத்தும். ஆனால் படையை எடுத்துவிட்டால் தீர்வு வந்துவிடும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 1967 மே மாதம் எகிப்து கேட்டுக்கொண்டதால் ஐ.நா. படை இஸ்ரேல் எல்லையை ஒட்டிய சினாய் தீபகற்பத்திலிருந்து விலகத் தொடங்கியது. ஜூன் 5இல் இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் போர் மூண்டது. படை இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

இஸ்ரேல் எல்லையை ஒட்டித் தெற்கு லெபனானில் 1978 முதல் நிற்கும் ஐ.நா. படைக்கு 2026 டிசம்பர் 31தான் கடைசி நாள் என்று பாதுகாப்பு அவை 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது. அங்கே ஆள் அனுப்பிய ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றமும் தன் அரசிடம் கேட்க வேண்டியது இதுதான்: அந்த எல்லையில் நமக்கு இருந்த அக்கறை படையோடு சேர்ந்து முடிகிறதா, இல்லையென்றால் அதை இனி எப்படிக் கவனிக்கப்போகிறீர்கள்?