பல் தஷ்ஹீத்: பாழாக்காதே

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு யூத ஜெபஆலயம் கூரையில் சூரியத் தகடு பொருத்தினால், அதற்குக் காரணம் சொல்லும்போது இந்த எபிரேயத் தொடர் அநேகமாக வந்துவிடும்.

'பல்' என்றால் கூடாது. 'தஷ்ஹீத்' பிறந்த வேருக்கு அழித்தல், கெடுத்தல் என்று பொருள். நோவா காலத்தில் பூமி கெட்டுக் கிடந்ததாக ஆதியாகமம் சொல்லுமிடத்திலும் இதே வேர்தான்.

சொல் பிறந்த இடம் போர்க்களம். நகரை முற்றுகையிடும் படை அங்குள்ள பழமரங்களைக் கோடரியால் வெட்டக் கூடாது என்கிறது உபாகமம் 20:19. அங்கே இருப்பது 'லோ தஷ்ஹீத்'. 'பல்' என்பது பின்வந்த ரபிகளின், அதாவது யூத மத அறிஞர்களின் வழக்கு. விதியை மரத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் அவர்களே. விளக்கில் எண்ணெய் தேவைக்கு மேல் வேகமாக எரியும்படி விடுபவனும் இதை மீறுகிறான் என்று அந்த ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு கருத்து உண்டு. மின்கட்டணம் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இது புரியும்! 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் பாத்திரம் உடைப்பது, துணி கிழிப்பது, ஊற்றை அடைப்பது, உணவைக் கெடுப்பது என எல்லாவற்றையும் இதில் சேர்த்தார். ஆனால் மற்ற மரங்களுக்குக் கேடு செய்யும் பழமரத்தை வெட்டலாம் என்றும் அவரே சொல்கிறார். ஆக, தடை வெட்டுவதற்கல்ல, வெறுமனே அழிப்பதற்கு.

இல்லினாய் மாநிலம் எவன்ஸ்டனில் 2008இல் எழுந்த ஜெபஆலயம் பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் தரச்சான்று பெற்றது. பிரிட்டனில் 2018இல் ஜெபஆலயங்களைச் சூழலுக்கு உகந்தவையாக்கும் 'ஈக்கோ சினகாக்' இயக்கம் தொடங்கியது. ஆனாலும் சனிக்கிழமை வழிபாட்டுக்குப் பிந்தைய விருந்தில் ஒரு சிக்கல்: அன்று மறுபடி தேவைப்படாத பாத்திரத்தை ஓய்வுநாளில் கழுவக் கூடாது. தூக்கி எறியும் தட்டு எவ்வளவு வசதி! ஒரு விதி இன்னொன்றோடு மோதும் இடம் அது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'சேதம்' வடமொழியில் வெட்டுதலைக் குறித்த சொல். மரத்துக்குப் பொருந்தும், விளக்கில் எரியும் எண்ணெய்க்குப் பொருந்தாது. 'விரயம்' செலவோடு நின்றுவிடுகிறது. 'அழிக்காதே' என்றால் வீணடிப்பது விட்டுப்போகிறது. 'வீணாக்காதே' என்றால் அழிப்பது. 'பாழ்' இரண்டையும் தாங்கும்: ஊரும் பாழாகும், சோறும் பாழாகும். பல், பாழ் என்ற ஒலி ஒற்றுமை தற்செயல்தான். எபிரேயத்தில் இது முன்னிலையில் நின்று தடுக்கும் வினை என்பதால் 'பாழாக்காதே' என்பதே நேர். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'பாழாக்காமை'.