மல்லிகை ஏன் இரவில் மணக்கிறது?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பின்னேரம் பறிக்கும்போது மல்லிகை மொட்டில் வாசமே இல்லை. மாலை கட்டி வைத்தால் இரவு எட்டு மணிக்கு வீடு முழுவதும் மணக்கிறது. கொடியை விட்டுப் பிரிந்த பூவுக்கு அந்த மணம் எங்கிருந்து வருகிறது?"

வாசனைத் திரவியம் செய்தவர்களைப் பல நூற்றாண்டுகள் அலைக்கழித்த கேள்வி இது. மனிதன் முதலில் கைவசப்படுத்திய மணங்கள் கட்டையும் பிசினும் வேரும் தருபவை. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய மெசொப்பொத்தேமியக் களிமண் பலகை ஒன்றில் தப்பூத்தி என்ற வாசனைத் தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி பத்துத் துவரும் (துவர்ப்புப் பொருள்) ஐந்து விரையும் (வாசப்பொருள்) முப்பத்திரண்டு ஓமாலிகையும் (மணமூலிகை) ஊறிய நீரில் கூந்தலைக் கழுவி, அகிற்புகையில் உலர்த்துகிறாள். நல்லூர்த் திருவிழாவில் இன்றும் மணக்கும் சந்தனமும் சாம்பிராணியும் இந்த வரிசையில் வந்தவைதாம். இவற்றில் மணம் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிறது. எப்போது அரைத்தாலும் எரித்தாலும் வெளிவரும். ரோஜா இதழிலும் எண்ணெய் ஓரளவு தயாராகவே இருப்பதால் அதிகாலையில் பறித்து, நீராவியில் காய்ச்சி வடித்துவிடலாம். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 4,000 கிலோ பூ வேண்டும் என்பது வேறு கதை.

மல்லிகையைக் காய்ச்சினால் உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. காரணம் மொட்டுக்குள் இருக்கிறது.

மல்லிகை மணத்தில் லினலூல், பென்சைல் அசற்றேற்று, இந்தோல் எனப் பல மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. மணக்க வேண்டுமானால் மூலக்கூறு ஆவியாகிக் காற்றில் ஏறி மூக்கை அடைய வேண்டும். பகல் முழுவதும் மொட்டு அதைத் தடுத்து வைக்கிறது. லினலூல், பென்சைல் அற்ககோல் போன்றவற்றின் ஒரு பகுதியை அது வெல்லத்துடன், அதாவது சர்க்கரையுடன், பிணைத்துவிடுகிறது. வெல்ல மூலக்கூற்றில் நீரைப் பற்றிக்கொள்ளும் ஐதரொட்சில் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த அணுத்தொகுதிகள்) பல உண்டு. எனவே நங்கூரமிட்ட தோணிபோல மண மூலக்கூறு பூவின் கலத்தின் (உயிரணுவின்) சாற்றிலேயே நின்றுவிடுகிறது. பொழுது சாய்ந்து இதழ் விரியும் வேளையில் நொதியங்கள் (உயிர்க்கலத்தில் இரசாயன வேலைகளை விரைவாக்கும் புரதங்கள்) வந்து அந்தப் பிணைப்பை வெட்டுகின்றன. வெல்லம் நீரில் தங்குகிறது, லினலூல் காற்றில் ஏறுகிறது.

இது பாதி வேலைதான். மீதி மணத்தை மொட்டு அன்றிரவே புதிதாகக் கட்டுகிறது. வேறொரு நொதியம் பென்சைல் அற்ககோலுடன் அசற்றைல் கூட்டத்தை ஒட்ட, இனிய பழவாசனையுள்ள பென்சைல் அசற்றேற்று உருவாகிறது. அமினோ அமிலம் தயாராகும் பாதையிலிருந்து இந்தோல் பிரிகிறது. மலத்திலும் இருக்கும் அதே இந்தோல், சிறிதளவு சேரும்போது மல்லிகைக்கு அந்த ஆழத்தைக் கொடுக்கிறது! பறித்த பின்னும் இதழின் கலங்கள் சுவாசிக்கின்றன, சேமித்த உணவைச் செலவழிக்கின்றன, மணிக்கணக்காக உழைக்கின்றன. இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. கொடியில் இல்லை என்பது மொட்டுக்குத் தெரியாது.

கொதிநீராவி பட்டதும் நொதியங்கள் சிதைந்துபோகும். ஆகவே மல்லிகையின் மணம் வேண்டுமென்றால் பூவை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வாசனைத் திரவியத்துக்குப் பெயர்போன பிரான்சின் கிராஸ் நகரத்தார் இதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். மரச்சட்டத்தில் கண்ணாடி, கண்ணாடியின்மேல் சுத்திகரித்த விலங்குக் கொழுப்பு, கொழுப்பின்மேல் ஒவ்வொன்றாக வைத்த மல்லிகை. ஒருநாள் கழித்துப் பழைய பூவைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டுப் புதிய பூவை அடுக்குவார்கள். முப்பது தடவைக்கு மேலும் இது தொடரும். பின்னர் கொழுப்பை அற்ககோலில் கழுவி மணத்தைப் பிரிப்பார்கள். கரைப்பானில் உடனே ஊறவைத்த பூவைவிடக் கொழுப்பில் கிடந்த பூ பல மடங்கு எண்ணெய் தருகிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மானிய இரசாயனவியலாளர் ஆல்பர்ட் ஹெஸ்ஸே அளந்து காட்டினார்.

வட இந்தியாவில் கொழுப்புக்குப் பதிலாக எள். எள்ளையும் பிச்சிப்பூவையும் மாறிமாறிப் பரப்பி, பூவை மாற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் அந்த எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டுவார்கள். மண மூலக்கூறுகள் நீரைவிட எண்ணெயையே நாடும். நல்லெண்ணெய் தடவிய கூந்தலில் சூடிய மல்லிகை, பூவை எடுத்த பிறகும் மணப்பது இதனால்தான்.

1868இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் வில்லியம் பேர்க்கின் கூமரின் என்ற மணப்பொருளை ஆய்வுகூடத்தில் தயாரித்த பின் செயற்கை மணங்களின் காலம் தொடங்கியது. ஆனாலும் 1921இல் வெளிவந்த ஷனெல் நம்பர் 5 என்ற வாசனைத் திரவியத்தில் கிராஸ் மல்லிகையும் சேர்ந்தே இருந்தது. இன்று கொழுப்பு முறை அநேகமாக மறைந்து, ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

மணத்துக்குப் பாம்பு வரும் என்று வளவில் நின்ற மல்லிகைப் பந்தலை வெட்டி எறிந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை. பாம்பு நாக்கை நீட்டித் தேடுவது எலியையும் தவளையையும். பந்தலடியில் குப்பை சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் மண்ணில் நிற்கும் மல்லிகை எந்த மணிக்கு எந்த மூலக்கூற்றை எவ்வளவு விடுகிறது என்று அளக்கும் ஆய்வுக்கு நிதி கேட்டால், "பூவை மணப்பதற்கா காசு?" என்று கேட்கக் கூடாது. நொதியவியலை இதைவிட இனிதாகக் கற்பிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவர்கள் இன்றே செய்து பார்க்கலாம். பின்னேரம் பறித்த மொட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு மேசையில், ஒரு பங்கு மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள், ஒரு பங்கைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துத் தட்டில். இரவு 9 மணிக்கு மூன்றையும் மணந்து பாருங்கள். குளிரில் வைத்தவை பின்தங்கியிருக்கும், ஏனெனில் நொதியங்கள் குளிரில் மந்தமாகின்றன. வெளியே எடுத்து வைத்தால் மெல்ல மணக்கத் தொடங்கும். கொதிநீர் கண்டவை விரியவும் மாட்டா, மல்லிகையாக மணக்கவும் மாட்டா.