கோலினெஸ்டரேஸ் தடுப்பான்

டொனெபசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின். அல்சைமர் மறதிநோய் வந்தவர் இருக்கும் வீட்டு மருந்துப் பெட்டியில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று கிடக்கும். மூன்றுக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான்: கோலினெஸ்டரேஸ் தடுப்பான். மருந்தோடு வரும் தாளில் இந்தப் பெயரைக் கண்டதுமே பலர் தாளை மடித்துவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் மிரட்டுகிற சொல் இல்லை. பாதி சமையலறையிலிருந்து வந்ததுதான்.

முதலில் கோலின். கிரேக்கத்தில் ‘கோலே’ என்றால் பித்தநீர். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் ஆடால்ஃப் ஸ்ட்ரெக்கர் இதைப் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தார், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பித்தத்துக்கும் புத்திக்கும் முடிச்சுப் போடுவது நமக்குப் புதிதில்லை: பித்து, பித்தன், பித்தம் தலைக்கேறியது. இது வெறும் தற்செயல். இதை வைத்து ‘முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எஸ்டர் என்பது ஜெர்மன் மொழியில் வினிகரைக் குறிக்கும் ‘எசிக்’ என்ற சொல்லின் வழியில் பிறந்தது. வினிகருக்குத் தமிழில் காடி. கடைசியில் வரும் ‘ஏஸ்’, நொதிகளுக்கு வைக்கும் ஈறு. 1833இல் பிரான்சில் பெயர் சூட்டப்பட்ட டயஸ்டேஸ் என்ற நொதியின் வாலைப் பிடித்துக்கொண்டு பிறகு வந்தவையும் அப்படியே பெயர் பெற்றன. என்சைம் என்ற சொல்லுக்கே ‘ஈஸ்டுக்குள் இருப்பது’ என்றுதான் பொருள். அதற்கு நொதித்தலிலிருந்து ‘நொதி’ என்று சொல் படைத்தவருக்கு ஒரு கும்பிடு. இட்லி மாவு பொங்குவதைப் பார்த்த எவருக்கும் அது புரியும். இலங்கைப் பாடநூல்களில் இது ‘நொதியம்’.

சரி, இந்த நொதிக்கு என்ன வேலை? நரம்பு செய்தி அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் கோலினெஸ்டரேஸ் அதை உடைத்துத் துடைத்துவிடும். அல்சைமரில் அசிட்டைல்கோலினைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துகொண்டே வருகின்றன, சுரப்பு குறைகிறது. நொதியை அடக்கினால் சுரந்த கொஞ்சமும் இன்னும் சற்று நேரம் நிற்கும். மருந்து செய்வது அவ்வளவுதான். செல்களின் அழிவை அது நிறுத்துவதில்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் பேச்சும் கவனமும் மேம்படலாம், சிலருக்கு ஒன்றும் தெரியாது.

அசிட்டைல்கோலின் மூளையில் மட்டும் இல்லை. 1921இல் மருந்தியலாளர் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டினார். துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது. திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின். அதனால்தான் இந்த மாத்திரை போட்டவருக்கு நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். குடலிலும் அதே கதை: குமட்டல், வயிற்றுப்போக்கு.

இனி தமிழ்ப் பெயர். ‘தடுப்பான்’ இலக்கணப்படி சரி. ஆனால் தடுப்பூசி, தடுப்பு மருந்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது மறதிநோயையே வராமல் தடுப்பது போலத் தொனிக்கிறது. தடுக்கப்படுவது நோயல்ல, நொதி. ‘கோலின்நொதி அடக்கி’ என்பதே என் தேர்வு. இந்த மூன்று மருந்துகளும் நொதியை அடியோடு அழிப்பதில்லை, கொஞ்ச காலம் அடக்கி வைக்கின்றன. அதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

அல்சைமருக்கே தரும் மெமன்டைன் இந்தக் குடும்பமல்ல. அது குளூட்டமேட் என்ற வேறொரு பொருளின் வழியில் வேலை செய்கிறது. அல்சைமருக்கான இன்னொரு மருந்தான லெக்கனமாப்பும் இந்தக் குடும்பமல்ல. பெயரின் ஈற்றில் வரும் ‘மாப்’, அது ஓர் எதிர்பொருள் (ஆன்டிபாடி) என்பதற்கு அடையாளம்.

குழப்பம் வருவது ‘கோலின் எதிர்ப்பி’ என்ற இன்னொரு பெயரில்தான். கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் வேலை நேர் எதிர்: அசிட்டைல்கோலின் போய்ச் சேரும் வாசலையே அது அடைக்கும். அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தூக்கம் வரவைக்கும் சில பழைய சளி மாத்திரைகள் எல்லாம் இந்த வகை. காலையில் ஒன்றும் இரவில் மற்றொன்றுமாக ஒருவரே இரண்டையும் விழுங்குவதும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.