இட்டரேட்டர்: சொல்லும் பொருளும், நகலெடுப்பதில் உள்ள சிக்கலும்

ஒரு தொகுப்பில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் பொருளுக்கு நிரலாக்கத்தில் இட்டரேட்டர் என்று பெயர். மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் லிஸ்ட் ஓர் ஏடு என்றால், இட்டரேட்டர் அதன்மேல் வரிக்கு வரி நகரும் விரல். ஏடு அப்படியே இருக்கும், நகர்வது விரல் மட்டும். கடைசி வரியைத் தாண்டிய விரல் தானாக முதல் வரிக்குத் திரும்பாது.

இலத்தீனில் 'இட்டெரும்' என்றால் 'மீண்டும்'. அதிலிருந்து வந்த 'இட்டெராரே' திரும்பச் செய்தலைக் குறிக்கும். 'இதர செலவுகள்' என்று கணக்கில் எழுதுகிறோமே, அந்த வடமொழி 'இதர'வும் இலத்தீன் 'இட்டெரும்' என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. வேரின் பொருள் 'மற்றையது'. இட்டரேட்டர் செய்யும் வேலைக்கு இலத்தீனைவிட இந்தப் பழைய பொருளே நெருக்கம்: எதையும் அது திரும்பச் செய்வதில்லை, மற்றொன்றைத் தருகிறது.

1970களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய சிஎல்யூ மொழியில் இட்டரேட்டர் மொழியின் உறுப்பாகவே இருந்தது. ஒரு மதிப்பைத் தந்துவிட்டு நடுவில் நின்று காத்திருக்கும் 'ஈல்ட்' கட்டளையும் அதில் உண்டு. ஆனால் அங்கே இட்டரேட்டரை ஃபார் லூப்பில் மட்டுமே அழைக்க முடியும். பாதியில் நிற்கும் ஓட்டத்தை மாறியில் பிடித்துவைக்க வழியில்லாததால் நகல் என்ற கேள்வியே எழவில்லை. அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் உருவாக்கிய எஸ்டிஎல் நூலகம் 1994-இல் சி++ தர வரைவில் ஏற்கப்பட்டபோது, இட்டரேட்டர் கையில் வைத்துக்கொள்ளும் மதிப்பானது. பைத்தானுக்கு அது 2001-இல், 2.2 பதிப்போடு வந்தது.

தமிழில் இட்டரேஷனுக்கு 'மறுசெய்கை' என்ற சொல் புழங்குகிறது. நியூட்டன் முறையில் விடையைத் திரும்பத் திரும்பச் செம்மையாக்குவதற்கு அது பொருந்தும். அதை நீட்டி இட்டரேட்டரை 'மறுசெய்வி' என்றால், மறுபடி ஓட்டலாம் என்ற நினைப்பு வந்துவிடும். இட்டரேட்டரைக் கையாள்வதில் நிகழும் பிழைகள் பல அந்த நினைப்பால்தான். முன்னோடி, நாடோடி என்பவற்றின் வழியில் 'வரிசையோடி' என்பதே எங்கள் தேர்வு. வரிசையோடியைத் தரவல்ல இட்டரபிளுக்கு 'ஓடுதளம்' என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதை விமானம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'தொகுப்பு' போதும்.

இனி நகல். பைத்தானில் 10, 20, 30 என்ற லிஸ்ட்டிலிருந்து ஒரு வரிசையோடி எடுத்து அதற்கு 'அ' என்று பெயர் வையுங்கள் (பைத்தான் 3 தமிழ் எழுத்தை மாறியின் பெயராக ஏற்கும்). பிறகு ஆ = அ என்று எழுதுங்கள். அடுத்த உறுப்பைக் கேட்கும் நெக்ஸ்ட்(அ) 10 தரும். நெக்ஸ்ட்(ஆ) தருவது 10 அல்ல, 20. சமக்குறி புதிய ஓடியை உருவாக்கவில்லை, இருப்பதற்கே இன்னொரு பெயர் வைத்தது. இதை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு: பல ஓடிகளிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக எடுத்துச் சேர்த்துத் தரும் ஜிப்புக்கு ஒரே ஓடியை மூன்று முறை கொடுத்தால் தரவு மும்மூன்றாகப் பிரிந்து வரும். மிச்சமாகும் ஒன்றிரண்டு மட்டும் சத்தமின்றி விழுந்துவிடும்.

உண்மையான நகலுக்கு காப்பி மாட்யூல் இருக்கிறது. லிஸ்ட் ஓடியை காப்பி செய்தால் அதே லிஸ்ட்டின்மேல், அதே இடத்தில், தனியே நகரும் இன்னொரு ஓடி கிடைக்கும். டீப்காப்பி செய்தால் அடியில் உள்ள லிஸ்ட்டும் சேர்ந்து நகலாகும். ஜெனரேட்டரை (ஈல்ட் உள்ள ஃபங்ஷனை அழைத்தால் கிடைக்கும் ஓடி) காப்பி செய்தால் டைப்எர்ரர் என்ற பிழை எழும். பிழைச் செய்தி 'பிக்கிள் செய்ய முடியாது' என்று சொல்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பொருளைச் சேமிக்கத்தக்க பைட்டுகளாக்கும் பிக்கிள் கையாளும் அதே உள்முறையைத்தான் காப்பியும் நாடுகிறது. ஜெனரேட்டருக்குள் இருப்பது வெறும் இடக்குறி அல்ல: பாதியில் நிற்கும் ஃபங்ஷன், அதன் உள்மாறிகள், சில வேளை திறந்திருக்கும் கோப்பு. அவற்றை இரட்டிப்பாக்கப் பொதுவான வழி கிடையாது.

ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரு ஃபங்ஷனைச் செலுத்தித் தரும் மேப், மேலே பார்த்த ஜிப் இரண்டும் இதைவிட மோசம். காப்பி செய்தால் பிழை எழாது, நகல் கிடைத்ததுபோலவே தோன்றும். ஆனால் மூலமும் நகலும் அடியில் ஒரே ஓடியைப் பகிர்வதால், ஒன்றை நகர்த்தினால் மற்றதும் அந்த உறுப்பை இழக்கும்.

ஜெனரேட்டர் ஒன்றை இரண்டு இடங்களில் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் பைத்தானின் இட்டர்டூல்ஸ் மாட்யூலில் உள்ள 'டீ' உதவும். அது ஓர் ஓடியை வாங்கி இரண்டாகத் தரும். கேட்டால் கூடுதலாகவும் தரும். அதன்பின் மூல ஓடியைத் தொடவே கூடாது. தொட்டால், எடுத்த உறுப்பு கிளைகளுக்குத் தெரியாமல் போகும். முந்திய கிளை படித்ததை எல்லாம் பிந்திய கிளை வாங்கும்வரை டீ நினைவகத்தில் வைத்திருக்கும். ஒரு கிளை 1,00,000 வரிகளைத் தாண்டி மற்றது தொடக்கத்திலேயே நின்றால், அந்த 1,00,000 வரிகளும் நினைவகத்தில்தான். ஒரு கிளையை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவீர்கள் என்றால் டீ வீண், லிஸ்ட்டாக மாற்றிவிடுவதே வேகம். ஒரே நிரலில் இணையாக ஓடும் பல திரெட்களுக்கு டீ பாதுகாப்பானதும் அல்ல.

மறுபயன்பாட்டில் வழக்கமாக நிகழும் பிழை இது: ஒரு ஃபங்ஷன் முதலில் மொத்தத்தைக் கூட்டுகிறது, பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் விழுக்காடு கணக்கிடுகிறது. லிஸ்ட் கொடுத்தால் சரியாக ஓடும். ஜெனரேட்டர் கொடுத்தால் கூட்டல் அதைத் தீர்த்துவிடும், இரண்டாவது லூப் ஒருமுறைகூடச் சுற்றாது, பிழைச் செய்தியும் வராது. காலி லிஸ்ட் திரும்பி வரும்போது அடுத்து எங்கே தேடுவது என்றே தெரியாது. ஜாவா மொழியின் ஒருமுறை மட்டுமே ஓடும் ஸ்ட்ரீம், இரண்டாம் முறை பயன்படுத்தினால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் என்ற பிழையை எறிந்து நிற்பது இதைவிட எவ்வளவோ நாகரிகம். காப்பு எளிது: எக்ஸிடம் ஓடியைக் கேட்கும் இட்டர்(எக்ஸ்) அழைப்புக்கு எக்ஸே திரும்பி வந்தால் அது ஒருமுறை ஓடி, முதல் வரியிலேயே லிஸ்ட்டாக்குங்கள். தரவு நினைவகத்தில் கொள்ளாது என்றால், ஓடியைக் கொடுக்காமல் அதை உருவாக்கும் ஃபங்ஷனைக் கொடுங்கள். அல்லது இட்டர் மெத்தடையே ஜெனரேட்டராக எழுதிய கிளாஸைக் கொடுங்கள், ஒவ்வொரு லூப்புக்கும் புதிய ஓடி பிறக்கும்.

ரஸ்ட் மொழியில் '0 முதல் 10 வரை' போன்ற எண் எல்லையைக் குறிக்கும் ரேஞ்ச் தானே ஒரு வரிசையோடி. இரண்டு எண்கள் மட்டும் கொண்ட சிறு பொருளானாலும் அதற்குத் தானாக நகலாகும் 'காப்பி' தன்மையை வேண்டுமென்றே தரவில்லை. நகல் தேவையென்றால் 'குளோன்' என்று நீங்களே எழுத வேண்டும்.

சி++ இந்த வேறுபாட்டை வகையாகவே பிரித்துவைத்திருக்கிறது. 'ஃபார்வர்ட்' என்ற வகைக்கும் அதற்கு மேலுள்ள வகைகளுக்கும் பலமுறை ஓடும் உறுதி உண்டு: நகலை நகர்த்தினால் மூலம் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்புட் வகைக்கு அந்த உறுதி இல்லை. விசைப்பலகையிலிருந்து படிக்கும் ஐஸ்ட்ரீம் இட்டரேட்டரை நகலெடுத்தாலும் இரண்டுக்கும் ஓடை ஒன்றே. நீளக்கூடிய வரிசையான வெக்டரில் ஓடியை நகலெடுப்பது மிக மலிவு, ஆனால் கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்க்கும் புஷ்பேக் செய்யும்போது இடம் போதாமல் வெக்டர் வேறு நினைவகத்துக்கு மாறினால், மூல ஓடியோடு எடுத்துவைத்த நகல்கள் அத்தனையும் செல்லாதவையாகிவிடும்.